பூத்ததெல்லாம் காயாகாதது ஏன்?

(ஒரு கிராமக் கூட்டுறவு நாணயச் சங்கத்தின் வருடாந்தர மகாசபையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



நிகழ்ச்சி நிரலில் என் பெயரைக் கண்டவுடனேயே, தவணை தவறிய பாக்கியைப் பற்றித்தான் இவன் பேசப்போகிறான் என்று தங்களில் பலர் எண்ணியிருக்கக்கூடும். கடைசி வரிசையில் இருந்த இருவர் மெதுவாக எழுந்து வெளியே சென்றதையும் கவனித்தேன். அவர்களைத் தாராளமாகத் திரும்ப அழைக்கலாம். இன்று நான் பாக்கியைப் பற்றிப் பேச வரவில்லை. பூவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான் தாவர சாஸ்திரம் கற்றவனல்லன். மெட்ரிகுலேஷன் வரையில் வாசித்து, அதன் பிறகு பேரேடுகளோடும் ரசீதுக் கட்டுகளோடும் காலங்கழித்து வருபவன். ஆயினும், வரவு செலவு எங்கே நடந்தாலும் அதை உற்றுப் பார்க்கும் வழக்கம் என் உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. குளத்தங்கரையில் நிற்கும் மாமரத்தினிடத்திலும் ஒரு வரவு செலவு நடக்கிறதென்பதைச் சில புத்தகங்களிலிருந்தும், விவசாய இலாகாவைச் சேர்ந்த நண்பர்களிடமிருந்தும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்களைப்போன்ற குடியானவர்களிடமிருந்தும் அறிந்துகொண்டேன். அறியாமற்போனதனால் ஒரு முறை பிறர்க்குக் கஷ்டமும் விளைவித்தேன். அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

இப்போது மாசி மாதம். இவ்வூருக்கு வரும் சாலையின் இருமருங்கிலும் மாமரங்கள் இலை தெரியாதபடி பூத்து நிற்கின்றன. ஒரு பூங்கொத்தை ஒடித்து எண்ணிப் பார்த்தால் ரகத்தைப் பொறுத்துச் சில நூறு முதல் சில ஆயிரம் பூக்கள் வரையில் இருக்கும். ஆனி மாதத்தில் அதே கொத்தில் தொங்குவது ஒரு காய். மிஞ்சினால் இரண்டு மூன்று. பல கொத்துகளில் ஒன்றுமே இராது. நூறு பூவுக்கு ஒரு பழங்கூடத் தேறுவதில்லையென்பது மாமரத்தைப் பொறுத்தவரையில் எங்கும் கண்ட உண்மை. துவரையிலும் அப்படியே. பூத்த பூக்களில் பத்துக்கு எட்டுக்கு மேற்பட்டவை உதிர்ந்துவிடுவது அதற்கு இயல்பு. பருத்தியில் சப்பை உதிர்வதையும் தென்னையில் குரும்பை கொட்டுவதையும் பார்த்து நெஞ்சம் பதைக்காத குடியானவர் எவரும் இல்லை.

இவ்வாறு உதிர்வதெல்லாம் நோயென்றும், திருஷ்டியென்றும், உரக் குறைவென்றும் நாம் எண்ணுகிறோம். பூச்சியினாலும் பூஞ்சணத்தினாலும் நீர்ப்பஞ்சத்தினாலும் உதிர்வதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயற்ற, நீர் குறையாத, நன்கு எருவிட்ட மரத்திலுங்கூடப் பெரும்பகுதி உதிரவே செய்கிறது. அதற்குக் காரணம் மரத்தின் முதல் எவ்வளவு, அதை அது எப்படிச் செலவிடுகிறது என்பதில் இருக்கிறது.

மரத்தின் முதல் யாது? சூரிய வெளிச்சத்தைக்கொண்டு இலைகள் தயாரிக்கும் சர்க்கரை ஒன்று, வேர்கள் மண்ணிலிருந்து உறிஞ்சும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதலியவை மற்றொன்று, தண்ணீர் மூன்றாவது. இவற்றைக்கொண்டே அது தன்னை வளர்த்துக்கொள்ளவேண்டும், புதிய இலைகளையும் வேர்களையும் விடவேண்டும், பூச்சிகளோடு போராடவேண்டும், விதையையும் உண்டாக்கவேண்டும். ஓரிடத்தில் செலவழித்த சர்க்கரையை மற்றோரிடத்தில் செலவழிக்க முடியாது. நம் சங்கத்தின் பெட்டியில் உள்ள பணத்தைப் போன்றதே அதுவும்.

இனி, செலவைப் பார்ப்போம். பூ என்பது செலவு குறைந்த பொருள். மெல்லிய இதழ், சிறிது மகரந்தம், ஒரு துளி தேன்: அவ்வளவுதான். பழமோ அப்படியன்று. சதையும் ஓடும் கொட்டையும், அக்கொட்டைக்குள் குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த சோறுபோல் பருப்பும் வைத்து, மூன்று நான்கு மாதம் நாள்தோறும் ஊட்டி வளர்க்கவேண்டியது. பூவிடுதல் விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது போலவும், காயை வளர்த்தல் கடனைப் பட்டுவாடா செய்வது போலவும் ஆகும். எத்தனை விண்ணப்பங்கள் வந்தாலும் சங்கத்திற்குக் காகிதச் செலவுதானே!

அது மட்டுமன்று. மாமரத்தின் ஒரே கொத்தில் ஆண்பூக்களும் இருபாற்பூக்களும் கலந்திருக்கின்றன. ஆண்பூ ஒருநாளும் காயாகாது. மகரந்தத்தை ஈக்களின் மூலம் பிற மரங்களுக்கு அனுப்பிவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பூசணிக் கொடியில் முதலில் பூப்பவை ஆண்பூக்கள். அவை பெண்பூக்களைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். 'வெறும் பூவாகப் பூக்கிறது' என்று தாய்மார்கள் அதை வைவதைக் கேட்டிருக்கிறேன். வையவேண்டியதில்லை. கொடி சிறியதாய், இலை சிலவாய் இருக்கும்போது காயைத் தாங்க அதற்குச் சக்தி போதாது. ஆகையால் செலவு குறைந்த ஆண்பூவை முன்னிட்டு, முதல் சேர்ந்தபின் பெண்பூவை விடுகிறது.

இனி, இந்த வரவு செலவில் நான் முக்கியமாகக் கருதும் விஷயத்திற்கு வருகிறேன். மரம் இத்தனை காய் காய்ப்பதென்று பூக்கும்போதே தீர்மானித்துவிடுவதில்லை. அந்தத் தீர்மானத்தை அது தவணை தவணையாகச் செய்கிறது. பூக்கும் மாதத்தில் வெயில் எப்படி இருக்கும், ஈக்கள் வருமா, மழை பெய்து மகரந்தத்தைக் கழுவிவிடுமா, சித்திரையில் நிலத்தில் ஈரம் இருக்குமா என்பவை அதற்குத் தெரியா. ஆகவே மலிவான பூவை ஏராளமாக விட்டுவைக்கிறது. மகரந்தம் சேராத பூக்களைச் சில நாட்களிலேயே கைவிடுகிறது. சேர்ந்தவை கடுகளவும் மிளகளவுமான பிஞ்சாகின்றன. அவற்றிலும் மிகுதியானவற்றை முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள்ளேயே கழித்துவிடுகிறது. மாம்பிஞ்சு உதிர்வதில் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் நிகழ்கிறது. எலுமிச்சையளவுக்கு வளர்ந்தபின் உதிர்வது வெகு குறைவு. அவ்விதம் உதிர்ந்தால் காற்றையோ வறட்சியையோ பூச்சியையோ சந்தேகிக்க நியாயமுண்டு. கைவிடவேண்டியதைச் செலவு பெருகுவதற்கு முன்னரே கைவிடுவது மரத்தின் முறை. நாமோ பெரும்பாலும் முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பயிரைப் பார்க்கப் போகிறோம்!

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது? இதிலும் குருட்டுத்தனம் இல்லை. அநேக மரங்களில், முந்திக் கருவுற்ற காய் பிந்தியதைக் காட்டிலும் உணவை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. விதை நிறைந்த காய் நிற்கிறது. விதை குறைந்தது உதிர்கிறது. வளரும் விதையிலிருந்து சுரக்கும் ஒருவிதச் சத்துதான் காம்புக்கு உயிரூட்டி உணவைத் தன்பக்கம் வரவழைக்கிறது. அது குறைந்தால் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு பிரிந்து, காய் தானாகவே கழன்றுவிடுகிறது. பூச்சி துளைத்த காய் முந்தி விழுவதும் இவ்விதமே. நெற்கதிரிலும் இந்த முந்துரிமையைக் காணலாம். கதிரின் மேற்பகுதியில் முதலில் பூத்த மணிகள் நன்றாகப் பால் பிடித்து முற்றுகின்றன. அடிப்பகுதியில் கடைசியாகப் பூத்தவையே பெரும்பாலும் பதராகின்றன.

ஒரே பழத்தினுள்ளும் இந்தப் போட்டி நடக்கிறது. நாவற்பழத்தில் பொதுவாக ஒரே கொட்டை இருப்பதைச் சிறுபிள்ளைகளும் அறிவர். ஆனால் பூவாயிருக்கும்போது அதன் சூற்பையில் பல சூல்கள் இருக்கின்றன. முந்திக்கொண்ட ஒன்று மற்றவற்றுக்கு உணவு சேராமல் தடுத்துத் தானே வளர்கிறது. பெங்களூர் விவசாய சர்வகலாசாலையைச் சேர்ந்த கணேசய்யா, உமா சங்கர் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய சகாக்களும் நாவல், சிசு முதலிய மரங்களில் இதை ஆராய்ந்து, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டையென்றே இதனை விளக்கியிருக்கின்றனர். தேங்காயின் மூன்று கண்களும் இத்தகைய பழைய கணக்கொன்றின் அடையாளங்களே. தென்னம்பூவின் சூற்பையில் மூன்று அறைகள் உண்டு. விதையாக வளர்வது ஒன்றுதான். மற்ற இரண்டு அறைகளின் நினைவாக இரண்டு குருட்டுக் கண்கள் நிற்கின்றன. முளை வருவது மெத்தென்ற மூன்றாவது கண்ணின் வழியே.

கைவிட்ட முதலையும் செடி வீணாக விடுவதில்லை. மகரந்தம் சேர்ந்து வேலை முடிந்தவுடன் பூவிதழ் வாடுகிறதல்லவா? வாடுமுன் அதிலுள்ள சத்தில் ஒரு பகுதியைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது. இலையிலும் இப்படியே. பழுத்து விழும் இலை, தன்னிடமிருந்த தழைச்சத்திலும் மணிச்சத்திலும் சுமார் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் விழுகிறது. கதிர் முற்றும்போது நெற்பயிரின் அடியிலைகள் பழுப்பதைக் கண்டிருக்கிறீர்கள். அரிசியில் சேரும் தழைச்சத்தின் பெரும்பகுதி அந்த இலைகளும் தண்டும் முன்பு சேர்த்து வைத்திருந்ததே. கதிர் வெளிப்படுமுன் தண்டிலும் உறையிலும் சேமித்த மாவும் மணிக்கு இறங்குகிறது. பூத்தபின் வானம் மூடிக்கொண்டு இலைக்கு வெயில் கிடைக்காத வருஷங்களில் அந்தச் சேமிப்பே குடியானவரின் மானத்தைக் காப்பாற்றுகிறது.

நெல்லைப்பற்றி மற்றொரு விஷயமும் சொல்லவேண்டும். வருஷம் மோசமானால் கதிரில் மணிகளின் எண்ணிக்கை குறைகிறது, பதர் மிகுகிறது. ஆனால் தேறிய மணியின் எடை அதிகமாக மாறுவதில்லை. ஆயிரம் மணியின் எடை ஒவ்வொரு ரகத்திற்கும் ஏறக்குறைய நிலையானது என்பதை விதைப்பண்ணைக்காரர்கள் அறிவார்கள். உமியின் அளவு அதற்கு ஓர் எல்லை கட்டிவிடுகிறது. பெரும்பாலான செடிகள் இவ்வாறே எண்ணிக்கையைக் குறைக்கின்றனவேயன்றி விதையின் அளவைக் குறைப்பதில்லை. நூறு விதைகளுக்கும் அரைவயிறு சோறு போட்டால் நூறும் முளைக்கச் சக்தியற்றுப்போகும். ஐம்பதுக்கு முழுச்சோறு போட்டால் ஐம்பதாவது தலையெடுக்கும்.

இதைக் கேட்கும்போது நம் சங்கங்களில் நடப்பது ஒன்று எனக்கு ஞாபகம் வருகிறது. மத்திய பாங்கியிலிருந்து வரும் தொகை குறைவு. கேட்கும் அங்கத்தினர்களோ அதிகம். யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லாத பஞ்சாயத்தார், இருப்பதை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகின்றனர். பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விளைவு என்ன? உரம் வாங்கப் பணம் போதுகிறது, களையெடுக்கப் போதவில்லை. மீதிக்கு ஒவ்வொருவரும் வெளியில் வட்டிக்கு வாங்குகிறார். அறுவடையானதும் களத்திலேயே வந்து நிற்பவர் அந்த வட்டிக்காரர்; சங்கத்தின் பங்கு பேரேட்டில் பாக்கியாக நிற்கிறது. எல்லோருக்கும் கொடுத்த கடன் எவருக்கும் பயன்படாமற்போயிற்று. ஒரு சங்கத்தின் புத்தகத்தில் இப்படிப்பட்ட பாக்கிகளை நான் வரிசையாகக் கண்டபோது, அவை பதர்க்கதிரைப்போல் என் கண்ணுக்குத் தோன்றின.

ஆயினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை செய்ய விரும்புகிறேன். மரம் பிஞ்சை உதிர்க்கிறது. ஆகவே சங்கமும் ஏழை அங்கத்தினரை உதிர்க்கலாமென்று எவரேனும் வாதித்தால், அது மரத்தையும் அறியாத வாதம், சங்கத்தையும் அறியாத வாதம். மரத்திற்குத் தன் வம்சம் பெருகினாற் போதும். நூறு பிஞ்சும் அதற்கு ஒன்றே. நாமோ வலியவருக்கு மட்டும் கடன் கிடைத்த காலத்தை மாற்றவே ஒன்றுகூடினோம். பிஞ்சு விழுந்தால் மண். அங்கத்தினர் விழுந்தால் அவர் குடும்பம். மரத்தினிடமிருந்து நாம் கற்கக்கூடியது கழித்தலையன்று. போதிய அளவு கொடுத்தலையும், பார்த்துப் பார்த்துக் கொடுத்தலையுமே. இந்தப் பருவத்தில் பாதிப்பேருக்குப் போதிய அளவும், அடுத்த பருவத்தில் மறுபாதிப்பேருக்கும் என்று முறை வைத்துக்கொண்டால் ஒருவரையும் கழித்ததாகாது.

இனி, காலக்கணக்கைப் பற்றிச் சொல்லுகிறேன். தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓலைக்கொரு பாளையாக, வருஷத்தில் சுமார் பன்னிரண்டு பாளைகள் விடுகிறது. மாதச் சம்பளக்காரனைப் போன்ற மரம் அது. பாளை வெடித்தவுடன் ஆயிரக்கணக்கான ஆண்பூக்கள் முதலில் மலர்கின்றன. பிறகு பெண்பூக்களான குரும்பைகள் சில பத்து. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு நின்றால் திருப்திதான். நின்ற குரும்பை முற்றிய தேங்காயாவதற்குச் சுமார் பன்னிரண்டு மாதம். ஆனால் அந்தப் பாளையின் கரு மரத்தின் குருத்துக்குள் எப்போது உருவாயிற்று தெரியுமா? பாளை வெடிப்பதற்குச் சுமார் முப்பத்திரண்டு மாதத்திற்கு முன்பு! 1916-ஆம் வருஷத்தில் காஸர்கோட்டில் ஸ்தாபிக்கப்பட்டுப் பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்த தென்னை ஆராய்ச்சி நிலையம் முதலிய இடங்களில் செய்த ஆராய்ச்சிகளின்படி, கருவிலிருந்து காய்வெட்டு வரையில் மொத்தம் சுமார் நாற்பத்துநான்கு மாதம். இந்த வருஷத்துக் கோடை வறட்சி இந்த வருஷத்துக் குரும்பையை மட்டும் பாதிப்பதில்லை. இரண்டு மூன்று வருஷங்கழித்து வெட்டவேண்டிய காயையும் பாதிக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் காய் குறைந்ததேயென்று தோப்புக்காரர் சொன்னால், பொய் சொல்லுகிறாரென்று முன்பெல்லாம் நான் நினைப்பதுண்டு. அவர் பொய் சொல்லவில்லை. பழைய பாக்கியை மரம் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறது.

சேமித்ததையெல்லாம் ஒரே முறையில் செலவழித்துவிடும் மரங்களும் உண்டு. வாழை ஒரு குலை தள்ளி மடிகிறது. அதன் பக்கக்கன்று அதற்கு வாரிசு. குடைப்பனை எனப்படும் தாளிப்பனையோ முப்பது முதல் எண்பது வருஷம் வரையில் தன் அடிமரத்தில் மாவைச் சேர்த்துக்கொண்டே இருந்து, ஒரே ஒருமுறை உச்சியில் லட்சோபலட்சம் பூக்களை விரித்து, காய்த்து, அத்துடன் பட்டுப்போகிறது. கிளைத்த பூங்கொத்துகளில் உலகத்திலேயே மிகப்பெரியது அதனுடையதாம். நீலகிரியிலும் மூணாற்றுப் பக்கத்து மலைகளிலும் குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்திற்கொருமுறை ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடிகிறது; 2006-ஆம் வருஷத்திலும் 2018-ஆம் வருஷத்திலும் பூத்தது. ஆயுட்காலச் சேமிப்பை ஒரே கலியாணத்தில் செலவழிக்கும் குடும்பங்களை இவை நினைவூட்டுகின்றன. ஆனால் இவற்றுக்கு அதன்பின் கடன்காரர் இல்லை!

மாமரம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனிடத்தில்தான் நான் ஏமாந்தேன்.

சில வருஷங்களுக்கு முன், வேறொரு பக்கத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், மாந்தோப்பு வைத்திருந்த அங்கத்தினர் ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்டார். நான் தோப்பைப் பார்வையிடச் சென்றது காய்ப்புக் காலம். ஒவ்வொரு கிளைக்கும் முட்டுக்கட்டை கொடுத்திருந்தார்கள். அத்தனை காய்! மரத்தின் எண்ணிக்கையை எழுதி, அந்த வருஷத்து விலையால் பெருக்கி, வருஷந்தோறும் சமமான தவணையில் கட்டமுடியுமென்று மிகுந்த தைரியத்துடன் சிபார்சு எழுதினேன். தோப்புக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எல்லாம் கணக்குப் போட்டாயிற்று, பெரியவரே" என்று சொல்லிவிட்டேன். மறுவருஷம் அந்தத் தோப்பு முழுவதும் இலையாகவே நின்றது. மாதக்கணக்கில் காத்திருந்தும் பூ இல்லை. தவணை வந்தது, நோட்டீசும் போயிற்று. என் கையெழுத்தோடுதான் போயிற்று. அவர் உழவு மாடுகள் இரண்டையும் சந்தையில் விற்றுப் பணத்தைக் கட்டினார். ரசீதை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "ஐயா, போன வருஷம் உழைத்த மரம் இந்த வருஷம் இளைப்பாறுகிறது. நீங்கள் போட்ட கணக்கில் அதற்கு இடமில்லையே."

ஒரு வருஷம் மிகுதியாகக் காய்த்தால் மறுவருஷம் குறைவது மாமரத்தின் பிறவிக்குணம். இதற்கு விஞ்ஞானிகள் இரண்டு காரணங்கள் கூறுகின்றனர். மிகுதியான காய்கள் கிளையிலும் வேரிலும் இருந்த சேமிப்பையெல்லாம் உறிஞ்சிவிடுகின்றன என்பது ஒன்று. வளரும் விதைகளிலிருந்து ஊறும் ஜிப்பெரலின் என்னும் சத்து அடுத்த வருஷத்துப் பூமொட்டு உண்டாவதைத் தடுக்கிறது என்பது மற்றொன்று. மேலும், காய்த்து ஓய்ந்த கிளை அறுவடைக்குப் பிறகு புதுத்தளிர் விட்டு, அத்தளிர் சில மாதம் முற்றினால்தான் பூக்கும் தகுதி பெறும். காய் தாமதமாக இறங்கினால் தளிரும் தாமதமாகிறது. தை பிறக்கும்போது கிளை தயாராக இருப்பதில்லை. அல்போன்ஸா முதலிய ரகங்களில் இந்தக் குணம் மிகுதி. நமது நீலமும் பெங்களூராவும் ஏறக்குறைய வருஷந்தோறும் காய்ப்பவை. அதனால்தான் புதுடில்லி இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் நீலத்தை வடநாட்டுத் தசேரியோடு சேர்த்து மல்லிகா, ஆம்ரபாலி என்ற ஒட்டு ரகங்களை உண்டாக்கினர். நம் ஊர் மரத்தின் நிதானம் வடக்கே தேவைப்பட்டதில் எனக்கு ஒரு சிறிய கர்வமும் உண்டு.

தற்காலத்தில் பாக்ளோபியூட்ரசால் என்னும் மருந்தை வேரடியில் ஊற்றி மரத்தைப் பூக்கச் செய்கிறார்கள். ஜிப்பெரலின் ஊறுவதை அது குறைக்கிறது. விவசாய அதிகாரிகளின் யோசனைப்படி அளவோடு உபயோகித்தால் பயனுண்டு. ஆனால் அது பெட்டியைத் திறக்கும் சாவியேயன்றிப் பெட்டியை நிரப்பும் பணமன்று. எருவும் நீரும் இல்லாத தோப்பில் வருஷந்தோறும் அதை ஊற்றினால் என்ன ஆகுமென்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மரத்திற்கு உணவு மிகவும் தேவைப்படுவது காய் இறங்கியவுடன். தளிர் விடவேண்டிய காலம் அது. ஆனால் தோப்புக் கடனுக்கு மனுக்கள் வருவது எப்போது? பூவைக் கண்டபின், மாசியிலும் பங்குனியிலும்! அப்போது போடும் எரு அந்த வருஷத்துக் காய்க்கு ஓரளவே உதவும். அறுவடை முடிந்து கையில் பணம் புரளும் ஆடி ஆவணியில் எருவைப்பற்றி எவரும் நினைப்பதில்லை. ஆகையால், தோப்புக்காரர்களுக்கு எருக்கடனை அறுவடைக்கு மறுமாதமே கொடுப்பதென்றும், வசூல் தவணையை ஒரு காய்ப்பு வருஷத்தில் பெரியதாகவும் ஓய்வு வருஷத்தில் சிறியதாகவும் வைப்பதென்றும், பெரிய தொகையைப் பிஞ்சு உதிர்ந்து அடங்கியபின் இரண்டாம் பட்டுவாடாவாகக் கொடுப்பதென்றும் ஒரு யோசனையைப் பஞ்சாயத்தார் முன் வைத்திருக்கிறேன். உபவிதிகளுக்கு விரோதமில்லாமல் செய்யக்கூடிய வரையில் செய்வோம். பூவிலேயே தோப்பைக் குத்தகைக்குப் பேசி முன்பணம் வாங்கும் வழக்கத்தைப்பற்றியும் தாங்கள் சற்று ஆலோசிக்கவேண்டும். பூவைப் பார்த்து விலை பேசும் வியாபாரிக்கு நூற்றுக்கு ஒன்றும் தேறாதென்பது தெரியும். அவர் அதைக் கணக்கில் கழித்துக்கொண்டுதான் பேசுகிறார். நாம் பூரிப்பில் பேசுகிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தங்கள் புழக்கடையில் வெள்ளரியோ வெண்டையோ இருந்தால், காயைப் பிஞ்சிலேயே பறித்துக்கொண்டிருங்கள். விதைக்கென்று ஆரம்பத்திலேயே ஒரு வெள்ளரிக்காயை முற்றவிட்டால் கொடி தன் முதலையெல்லாம் அதற்கே கொடுத்துப் புதிய பிஞ்சுகளை நிறுத்திவிடும். விதைக்காயைக் கடைசியில் விடுங்கள். வாழையில் கடைசிச் சீப்பு வெளிவந்தபின் பூவை ஒடித்துச் சமைப்பதும் அதே நியாயந்தான். மேற்கொண்டு வருபவை ஆண்பூக்கள், அவற்றிற்குப் போகும் உணவு குலைக்கு மிஞ்சும். ஆராய்ச்சி நிலையம் தோன்றுமுன்பே இது தங்களுக்குத் தெரிந்திருந்தது.

நேற்று மாலை, சங்கக் காரியதரிசியின் தோப்பில் நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து, கைக்கெட்டும் கிளைகளில் மூன்று பூங்கொத்துகளைத் தேர்ந்தெடுத்துச் சிவப்பு நூல் கட்டிவைத்திருக்கிறோம். உபயோகமற்றுக் கிடந்த ஒரு பழைய கணக்கு நோட்டில் பூ, பிஞ்சு, காய் என்று மூன்று பத்திகள் கோடிட்டுக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்கொருமுறை பிள்ளைகள் எண்ணி எழுதுவார்கள். ஆடு மாடுகள் அந்தக் கிளைகளை எட்டாமலும், பெரியவர்கள் ஆர்வத்தினால் கொத்தைத் தொட்டுப் பார்க்காமலும் இருந்தால் போதும். ஆனி மாதத்துக் கூட்டத்தில் அந்த நோட்டை மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தோப்புக் கடன் மனுக்களை எடுத்துக்கொள்ளலாமென்று பஞ்சாயத்தார் சம்மதித்திருக்கிறார்கள்.